அசையாமல் நின்ற குழாய்: கலிலேயோவும் அவருடைய தொலைநோக்கியும்

கலிலேயோ என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு 1633-ஆம் ஆண்டின் விசாரணையே நினைவுக்கு வருகிறது. மறைக்கல்வி வகுப்பில் மாணவர்கள் எழுப்பும் கேள்வியும் பெரும்பாலும் அதைப் பற்றியதாகவே இருக்கும். அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பு, இதே கலிலேயோவும் உரோமையில் இருந்த இயேசு சபைக் குருக்களும் ஒரே வானத்தைப் பார்த்து, ஒரே காட்சியை ஒத்துக்கொண்ட வரலாறு ஒன்று உண்டு. அதை அறிந்தவர்கள் குறைவு. அந்த வரலாற்றில் பெரிய தத்துவ வாதங்களுக்கு அதிக இடமில்லை. ஒரு குழாய், அதன் இரு முனைகளிலும் இரண்டு கண்ணாடி வில்லைகள், அவற்றைச் சரியான இடத்தில் பிடித்துவைக்கும் பொருத்துகள், குழாயை ஆடாமல் தாங்கும் ஒரு தாங்கி: இவை எப்படி அமைந்தன என்பதே அதில் முக்கியமான செய்தி.

கலிலேயோ கலிலேயி 1564-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் இத்தாலியின் பீசா நகரில் பிறந்தார். தந்தை வின்சென்ஸோ, லூட் என்னும் நரம்பிசைக் கருவியை வாசிப்பவர். இசைக் கோட்பாடு பற்றி நூல் எழுதியவர். முளையைத் திருகித் தந்தியின் சுருதியைச் சேர்க்கும் வேலை அன்றாடம் நடந்த வீட்டில் வளர்ந்தவர் நம் கலிலேயோ. தாமும் லூட் வாசிக்கக் கற்றுக்கொண்டார். கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முளை நழுவினால் இசை கெட்டுவிடும் என்பதை அந்த வீட்டுப் பிள்ளைக்கு யாரும் தனியாகச் சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை.

சிறுவயதில் வல்லொம்ப்ரோசா துறவு மடத்தில் கல்வி பயின்றார். அங்கேயே துறவியாகிவிடும் விருப்பமும் அவருக்கு எழுந்தது. தந்தையோ மகனை அங்கிருந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். 1581-இல் பீசா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தவர், கணிதத்தில் மனத்தைப் பறிகொடுத்து, 1585-இல் பட்டம் எதுவும் பெறாமலே வெளியேறினார். 1587-இல் உரோமைக்குச் சென்றபோது, அங்கே உரோமைக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த இயேசு சபைக் குரு கிறிஸ்டோபர் கிளாவியுஸைச் சந்தித்தார். 1582-இல் திருத்தந்தை 13-ஆம் கிரகோரி வெளியிட்ட நாள்காட்டிச் சீர்திருத்தத்தில் பெரும்பங்கு வகித்தவர் இந்தக் கிளாவியுஸ். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அவருடைய உழைப்பும் இருக்கிறது. வேலை தேடிக்கொண்டிருந்த 23 வயது இளைஞரை அவர் அன்போடு வரவேற்றார். இந்தப் பழக்கம் பின்னாளில் பெரிதும் உதவியது.

1592-இல் பதுவா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் பதவி கிடைத்தது. பதுவா என்றால் நமக்குப் புனித அந்தோனியார் நினைவுக்கு வருவார். அவருடைய பேராலயம் இருக்கும் அதே நகரில் கலிலேயோ 18 ஆண்டுகள் வாழ்ந்தார். தந்தை இறந்தபின் குடும்பச் சுமை அவர் தோள்மேல் விழுந்தது. சகோதரிகளின் சீர்வரிசைக் கடனும் இருந்தது. பேராசிரியர் சம்பளம் போதவில்லை. ஆகவே மாணவர்களை வீட்டிலேயே தங்கவைத்துத் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்தார். வீட்டின் ஒரு பகுதியைப் பட்டறையாக்கினார். 1599 முதல் மார்க்கந்தோனியோ மஸ்ஸொலேனி என்ற கைவினைஞர் குடும்பத்தோடு வந்து அங்கேயே தங்கி, பித்தளையில் அளவுக் கருவிகள் செய்துகொடுத்தார். அந்தக் காலத்துப் பேராசிரியர்களில் பலர் கையில் அரத்தைத் தொட்டதே இல்லை. கலிலேயோவுக்கோ திருகும் கீலும் பித்தளைத் தகடும் புத்தகத்தைப் போலவே பழக்கமானவை. அவருடைய வெற்றிக்கு இந்தப் பட்டறையைத்தான் முதல் காரணமாகச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

1608 அக்டோபரில் ஹாலந்தில் ஹான்ஸ் லிப்பர்ஹே என்ற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், தூரத்துப் பொருளை அருகில் காட்டும் குழாய்க்குக் காப்புரிமை கேட்டார். அடுத்த ஆண்டு கோடையில் அந்தச் செய்தி கலிலேயோவின் காதுக்கு எட்டியது. கருவியின் அமைப்பு எளிது. முன்முனையில் ஒரு குவிவில்லை. அதைப் பொருளருகு வில்லை என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்கின்றன. கண்ணுக்கு அருகில் ஒரு குழிவில்லை. அது கண்ணருகு வில்லை. முதலில் அவர் செய்தது மூன்று மடங்கு பெரிதாக்கிக் காட்டியது. ஆகஸ்டு மாதத்துக்குள் எட்டு ஒன்பது மடங்கு காட்டும் கருவி தயாராகிவிட்டது. 1609 ஆகஸ்டு 21-ஆம் நாள் வெனிஸ் நகரின் புனித மாற்கு மணிக்கூண்டின் மேல் ஏறி, நகரப் பெரியவர்களுக்கு அதைக் காட்டினார். வெளியே செந்நிறத் துணி சுற்றிய தகரக் குழாய் அது. வயது முதிர்ந்த செனட்டர்கள் அத்தனை படிகளையும் ஏறிப்போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்கள். பதுவாவில் உள்ள புனித யுஸ்தீனா ஆலயத்தின் குவிமாடங்கள் தெரிந்தன. முரானோ தீவில் கோவிலுக்குள் போவோரும் வருவோரும் தெரிந்தார்கள். அவருடைய சம்பளம் ஆண்டுக்கு 1000 புளோரினாக உயர்ந்தது.

வானத்தைப் பார்க்க அது போதவில்லை. 1609 நவம்பர் 23-ஆம் தேதியிட்டு ஒரு நண்பர் எழுதிய கடிதத்தின் வெற்றிடத்தில், வெனிசில் வாங்க வேண்டிய பொருள்களைக் கலிலேயோ குறித்துவைத்தார். அந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. மகன் வின்சென்ஸியோவுக்குச் செருப்பும் தொப்பியும், வெள்ளைக் கடலை, அரிசி, உலர்திராட்சை, சர்க்கரை, மிளகு, கிராம்பு, பட்டை, சோப்பு, ஆரஞ்சு, தந்தச் சீப்பு இரண்டு. அவற்றோடு சேர்ந்து பீரங்கிக் குண்டு இரண்டு, தகரத்தாலான ஆர்கன் குழாய் ஒன்று, தட்டையாக்கப்பட்ட ஜெர்மன் கண்ணாடி, முகக்கண்ணாடித் துண்டுகள், மெருகிடும் பொடி, பிசின், கம்பளித்துணி, இரும்புக் கிண்ணம். குடும்பத் தலைவர் ஒருவர் சந்தைக்குக் கொண்டுபோகும் சீட்டும் அறிவியல் வரலாற்றின் மிகப் பெரிய சாதனங்களில் ஒன்றின் உதிரிப்பாகப் பட்டியலும் ஒரே தாளில் இருக்கின்றன. பட்டியலில் பருப்பும் உண்டு. இத்தாலிய மொழியில் அதன் பெயர் லென்தே. பருப்பு வடிவத்தில் இருப்பதால்தான் கண்ணாடி வில்லைக்கும் லென்ஸ் என்ற பெயர் வந்தது!

பீரங்கிக் குண்டு எதற்கு? கண்ணருகு வில்லையின் குழிவைத் தேய்த்து எடுக்க, உருண்டையான கடினப் பொருள் வேண்டும். இரும்புக் கிண்ணம் குவிவில்லையைத் தேய்க்க. ஆர்கன் குழாய் எதற்கு என்றால், அது நேராகவும் வட்டமாகவும் லேசாகவும் இருக்கும். கோவில் ஆர்கன் செய்பவர்கள் குழாய் உருட்டுவதில் கைதேர்ந்தவர்கள். இரண்டு வில்லைகளும் ஒரே அச்சில் நிற்க வேண்டும். ஒன்று சற்றே சாய்ந்தாலும் படம் கலங்கும். அதனால் குழாயைத் தேர்ந்தெடுப்பதும் வில்லையைத் தேர்ந்தெடுப்பதைப் போலவே கவனம் வேண்டிய காரியம்.

அவர் செய்த தொலைநோக்கிகளில் எஞ்சியிருப்பவற்றைப் பார்த்தால் அமைப்பு புரிகிறது. நடுவில் நீளமான பெரிய குழாய். அதன் இரு முனைகளிலும் இரண்டு சிறு கூடுகள் செருகப்பட்டுள்ளன. ஒன்றில் பொருளருகு வில்லை, மற்றொன்றில் கண்ணருகு வில்லை. கண்ணருகு வில்லை இருக்கும் கூட்டை உள்ளே தள்ளலாம், வெளியே இழுக்கலாம். அதிகம் இறுகினால் நகராது. தளர்ந்தால் தானாக நழுவி, படம் மங்கிவிடும். இந்த அளவான பிடிமானத்தைப் பெறுவது எளிதல்ல.

1610 ஜனவரி 7-ஆம் நாளிட்ட கடிதம் ஒன்றில், தொலைநோக்கியை எப்படிப் பயன்படுத்துவது என்று கலிலேயோ விளக்கியிருக்கிறார். குழாய் மூன்று நான்கு விரற்கடை அளவுக்கு நீளவும் குறுகவும் வேண்டும். அருகில் உள்ள பொருளுக்கு நீட்ட வேண்டும், தூரத்துப் பொருளுக்குக் குறுக்க வேண்டும். பார்ப்பவரின் மூச்சும், ஈரக் காற்றும், கண்ணிலிருந்து எழும் ஆவியும் வில்லையில் படிந்து மறைப்பதால், அதைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். முக்கியமாக, குழாயைக் கையில் பிடிக்கக்கூடாது. நாடித்துடிப்பும் மூச்சும் கையை ஆட்டும். எனவே அதை நிலையான ஓரிடத்தில் பொருத்திவிட வேண்டும். மருத்துவம் படித்ததை அவர் முழுவதும் மறந்துவிடவில்லை போலும். அதே கடிதத்தில்தான், வியாழன் கோளின் அருகே மூன்று சிறு விண்மீன்களைக் கண்டதாகவும் எழுதினார். ஜனவரி 13-ஆம் நாள் நான்காவதும் தெரிந்தது. அவை வியாழனைச் சுற்றிவரும் நிலவுகள் என்று கண்டுகொண்டார்.

இங்கே சற்று நின்று நம் காலத்துக்கு வருவோம். பிள்ளைகளுக்குத் தொலைநோக்கி வாங்கப் போகும் பெற்றோரும், பள்ளிக்கு வாங்கும் அருள்சகோதரிகளும் கடையில் முதலில் கேட்பது, எத்தனை மடங்கு காட்டும் என்பதே. கண்ணருகு வில்லை குழாயில் எப்படி உட்காருகிறது என்று கேட்பவர் அரிது. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஐபீஸ் என்று கடையில் சொல்லும் கண்ணருகு வில்லையின் கழுத்து இன்று பெரும்பாலும் 31.7 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. அதாவது ஒன்றேகால் அங்குலம். பெரியவை இரண்டு அங்குலம், 50.8 மில்லிமீட்டர். பழைய, மலிவான சிறு தொலைநோக்கிகளில் 24.5 மில்லிமீட்டர் அளவும் உண்டு. ஓர் அளவுக்கான வாயில் மற்றோர் அளவைப் பொருத்த அடாப்டர் கிடைக்கிறது. அதை வாங்குமுன் இரண்டைக் கவனியுங்கள். ஒரே ஒரு திருகு நேரடியாகக் கழுத்தில் குத்தினால், வில்லை ஒரு பக்கம் சாயும். கழுத்தில் கீறலும் விழும். உள்ளே பித்தளை வளையம் வைத்து, திருகு அந்த வளையத்தை இறுக்குவதாக இருந்தால் பிடிப்பு சுற்றிலும் பரவும், வில்லை நழுவி விழாது. இரண்டாவது, அடாப்டர் தன் உயரத்துக்கு ஏற்ப வில்லையை வெளியே தள்ளிவிடும். அந்த அளவுக்கு உள்ளே இழுத்துக்கொள்ள இடமில்லாத தொலைநோக்கியில் எவ்வளவு திருகினாலும் படம் தெளியாது. கலிலேயோ சொன்ன மூன்று நான்கு விரற்கடைக் கணக்கு இன்றும் மாறவில்லை. தாங்கி ஆடினால் இவை எல்லாமே வீண் என்பதும் அப்படியே. மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன்: தொலைநோக்கியின் வழியே சூரியனைப் பிள்ளைகள் ஒருபோதும் நேரடியாகப் பார்க்கக்கூடாது. கண்ணருகு வில்லையில் திருகும் கறுப்புக் கண்ணாடி சூட்டில் வெடித்துவிடும். அதை நம்ப வேண்டாம். சூரியனுக்கென்றே செய்த வடிகட்டியை முன்முனையில், காற்றடித்தாலும் கழலாதபடி பொருத்தினால் மட்டுமே பார்க்கலாம்.

இனி 1610-க்குத் திரும்புவோம். மார்ச் மாதத்தில் தம் கண்டுபிடிப்புகளைச் சிறு நூலாகக் கலிலேயோ வெளியிட்டார். 550 படிகள் அச்சாயின. ஐரோப்பா முழுவதும் பரபரப்பு. இங்கேதான் பெரிய சிக்கல் எழுந்தது. அவர் பார்த்ததை மற்றவர்களால் பார்க்க முடியவில்லை. கடைகளில் விற்ற குழாய்கள் மூன்று நான்கு மடங்குக்கு மேல் காட்டாதவை. அவரே செய்தவற்றிலும், 60-க்கு மேற்பட்ட கருவிகளில் மிகச் சிலவே எல்லாவற்றையும் காட்டும் அளவுக்குத் தேறின. ஒரு மனிதர் மட்டும் பார்த்த நிலவுகளை உலகம் ஏன் நம்ப வேண்டும்? குழாய்க்குள் இருக்கும் ஏதோ கோளாறு என்று சொல்லிவிடலாமே! அப்படித்தான் பலரும் சொன்னார்கள்.

ஏப்ரல் மாதக் கடைசியில் கலிலேயோ பொலோஞ்ஞா நகரில் பேராசிரியர் மஜினியின் இல்லத்துக்குச் சென்றார். இருபதுக்கு மேற்பட்ட அறிஞர்கள் கூடியிருந்தார்கள். 24, 25 ஆகிய இரண்டு இரவுகளும் தம் தொலைநோக்கியை வியாழன் பக்கம் திருப்பிக் காட்டினார். புதிய நிலவுகளை யாரும் உறுதியாகப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் மனம் சோர்ந்து புறப்பட்டுவிட்டார். அங்கிருந்த மார்ட்டின் ஹோர்க்கி என்ற இளைஞர், இக்கருவி பூமியில் அதிசயம் செய்கிறது, வானத்தில் ஏமாற்றுகிறது என்ற பொருளில் கெப்ளருக்குக் கடிதம் எழுதினார். அதோடு, யாருக்கும் தெரியாமல் கலிலேயோவின் வில்லையை மெழுகில் அச்செடுத்துக்கொண்டதையும் பெருமையாகக் குறிப்பிட்டார். ஏமாற்றும் கருவி என்றால் அதன் அச்சு எதற்கு என்று நாம் கேட்கலாம்.

அந்த இரவுகளில் விருந்தினர்களுக்கு என்ன கடினம் இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்பது நியாயம். கலிலேயோவின் தொலைநோக்கியில் ஒரே பார்வையில் தெரியும் வானம் மிகச் சிறியது. முழுநிலவின் பாதி அகலம்கூட ஒரே நேரத்தில் முழுமையாக அடங்கிவிடாது. பூமி சுழல்வதால், அந்தச் சிறு வட்டத்தை வியாழன் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். அந்த ஒரு நிமிடத்துக்குள் பழக்கமில்லாத ஒருவர் குனிந்து, கண்ணைச் சரியான இடத்தில் வைத்து, மங்கலான நான்கு புள்ளிகளைத் தேட வேண்டும். பதற்றத்தில் குழாயை ஒரு விரல் தொட்டாலே போதும், வியாழனே காணாமல் போய்விடும்.

இதே சிரமம் உரோமையிலும் இருந்தது. அங்கே கிளாவியுஸுக்கு அப்போது வயது 70-ஐத் தாண்டியிருந்தது. அவரும் சக குருக்களும் தங்களிடமிருந்த கருவியில் வியாழனின் நிலவுகளைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. செய்தி கலிலேயோவுக்கு எட்டியது. 1610 செப்டம்பர் 17-ஆம் நாள் அவர் கிளாவியுஸுக்குக் கடிதம் எழுதினார். தம் பெயரே ஆபத்தில் இருந்த நேரம் அது. ஐரோப்பாவில் மிகவும் மதிக்கப்பட்ட கணித அறிஞர் இல்லை என்று சொல்லிவிட்டால், வேறு யார் ஆம் என்பார்? கோபமாகவோ ஏளனமாகவோ எழுதியிருக்கலாம். கலிலேயோவுக்கு அந்தப் பழக்கமும் இருந்தது. ஆனால் இந்தக் கடிதத்தில் அவர் ஒரு பட்டறைக்காரரைப் போலப் பேசுகிறார். நீங்கள் காணாதது வியப்பில்லை. கருவி அவ்வளவு நேர்த்தியாக அமையாமல் இருக்கலாம். அல்லது அதை நன்றாகப் பொருத்தி நிறுத்தாமல் இருந்திருக்கலாம் என்கிறார். கையில் பிடித்தால், சுவரிலோ வேறு உறுதியான இடத்திலோ கையைச் சாய்த்துக்கொண்டாலும்கூட, நாடியும் மூச்சும் போதும் அந்தப் புள்ளிகளை அழித்துவிட. முன்பு பார்த்துப் பழகாதவருக்கு இது இன்னும் கடினம் என்கிறார்.

எதிரே இருப்பவரின் நேர்மையைச் சந்தேகிக்காமல், அவர் கையிலிருக்கும் பொருத்தைச் சந்தேகித்த கடிதம் இது. நான் பலமுறை எண்ணி வியந்ததுண்டு.

உரோமைக் கல்லூரியில் பவுலோ லெம்போ என்ற இயேசு சபையாளர் ஏற்கெனவே தொலைநோக்கிகள் செய்துவந்தார். வெனிசிலிருந்தும் நல்ல கருவி ஒன்று வந்து சேர்ந்தது. மீண்டும் தேடினார்கள். நவம்பர் இறுதியிலிருந்து நிலவுகள் தெரியத் தொடங்கின. நாள்தோறும் அவற்றின் இடத்தைக் குறித்துவைத்தார்கள். டிசம்பர் 17-ஆம் நாள், தாங்களும் தெளிவாகப் பார்த்துவிட்டதாகக் கிளாவியுஸ் கலிலேயோவுக்கு எழுதினார். இடையில் பிராகா நகரில் கெப்ளரும் பார்த்துவிட்டார். கொலோன் நகர ஆட்சியாளருக்குக் கலிலேயோ அனுப்பிய தொலைநோக்கி அவருக்குச் சில நாள் இரவலாகக் கிடைத்தது. ஆகஸ்டு 30 முதல் செப்டம்பர் 9 வரை, ஒவ்வொருவரும் தாம் கண்டதை மற்றவருக்குக் காட்டாமல் சாக்குக்கட்டியால் வரைந்து, பிறகு ஒப்பிட்டார்கள். படங்கள் ஒத்துப்போயின.

டிசம்பர் 30-ஆம் நாள் கலிலேயோ மீண்டும் கிளாவியுஸுக்கு எழுதிய கடிதம், வில்லைகளைத் தேர்ந்தெடுக்க விரும்புவோருக்கு இன்றும் பாடமாகும். பொருளருகு வில்லையைப் பெரிதாகச் செய்துவிட்டு, அதன் பெரும்பகுதியை ஏன் மூடிவைக்கிறார் என்று கிளாவியுஸ் கேட்டிருந்தார். பெரிய பரப்பைத் தேய்த்தால் வடிவம் சரியாக வரும். ஓரம் கெட்டிருந்தாலும் அதை மறைத்துவிடலாம். வானத்தின் அதிகப் பரப்பை ஒரே பார்வையில் காண விரும்பினால் மூடியை எடுக்கலாம். ஆனால் அப்போது கண்ணருகே குழிவு குறைந்த வேறு வில்லையைப் பொருத்தி, குழாயையும் குறுக்க வேண்டும், இல்லையென்றால் மங்கலாகத் தெரியும். முன்வில்லைக்கு ஏற்ற கண்ணருகு வில்லை, அதற்கு ஏற்ற குழாய் நீளம்: ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்ற வேண்டும் என்ற பொருத்தக் கணக்கு இது. இன்று மூன்று ஐபீஸ்கள் அடங்கிய பெட்டியை வாங்கும் மாணவர் முதல் இரவிலேயே கற்றுக்கொள்வதும் இதைத்தான்.

1611 மார்ச் 29-ஆம் நாள் கலிலேயோ உரோமைக்கு வந்தார். உரோமைக் கல்லூரிக் குருக்கள் அவரை அன்போடு வரவேற்றார்கள். ஏப்ரல் 14-ஆம் நாள் மாலை, ஜனிக்குலம் குன்றில் இருந்த ஒரு திராட்சைத் தோட்டத்தில் இளவரசர் ஃபெதெரிக்கோ செசி விருந்தளித்தார். இருட்டுமுன், அங்கிருந்து லாத்தரன் பேராலயத்தின் முகப்பில் திருத்தந்தை 5-ஆம் சிக்ஸ்துஸ் பொறித்துவைத்த எழுத்துகளை விருந்தினர் தொலைநோக்கி வழியே வாசித்தார்கள். இருட்டியபின் வியாழனைப் பார்த்தார்கள். அந்த விருந்தில்தான் தெலஸ்கோப் என்ற பெயர் வெளியில் வந்தது. கர்தினால் இராபர்ட் பெல்லார்மின், பின்னாளில் புனிதராக அறிவிக்கப்பட்டவர், தாமும் கருவி வழியே நிலவையும் வெள்ளிக் கோளையும் பார்த்தார். ஏப்ரல் 19-ஆம் நாள், இக்காட்சிகள் உண்மையா என்று உரோமைக் கல்லூரியின் கணித அறிஞர்களை எழுத்து மூலம் கேட்டார். ஐந்தே நாளில், 24-ஆம் நாள், கிளாவியுஸ் உள்ளிட்ட நால்வர் பதில் அளித்தார்கள். வியாழனைச் சுற்றி நான்கு நிலவுகள் உண்டு. வெள்ளிக் கோள் பிறைபோலத் தேய்ந்து வளர்கிறது. நிலவில் மேடுபள்ளம் இருப்பதுபோலத் தோன்றுவதையும் ஒத்துக்கொண்டார்கள். அது உண்மையான மேடுபள்ளம்தானா என்பதில் மட்டும் முதியவர் கிளாவியுஸுக்குத் தயக்கம் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். மே மாதத்தில் கல்லூரியே விழா எடுத்துக் கலிலேயோவைப் பாராட்டியது. 1612 பிப்ரவரியில் கிளாவியுஸ் இறைவனடி சேர்ந்தார்.

அதன்பின் கலிலேயோ தொலைநோக்கியோடு வேறு பல துணைக்கருவிகளை இணைக்க முயன்றார். 1612-இல் வியாழனுக்கும் நிலவுகளுக்கும் உள்ள தூரத்தை அளக்க, சமக்கோடுகள் போட்ட ஓர் அளவுத்தகட்டைக் குழாயின்மேல் நகரும்படி பொருத்தினார். ஒரு கண் குழாய்க்குள் வியாழனைப் பார்க்க, மற்றொரு கண் வெளியே உள்ள தகட்டைப் பார்க்கும்; இரண்டு காட்சிகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும். சூரியக் கரும்புள்ளிகளுக்கு, அவருடைய மாணவரான பெனடிக்ட் சபைத் துறவி பெனெதெத்தோ கஸ்தெல்லி நல்ல வழி கண்டார். கண்ணருகு வில்லைக்குப் பின்னால் நான்கைந்து சாண் தூரத்தில் வெள்ளைத்தாளை வைத்து, சூரியனின் பிம்பத்தை அதில் விழச்செய்து வரைவதே அது. இயேசு சபைக் குரு கிறிஸ்டோப் ஷைனரும் இம்முறையை வளர்த்து, தாளும் குழாயும் சேர்ந்தே நகரும் தாங்கி அமைத்துப் பல ஆண்டுகள் உழைத்தார். கரும்புள்ளிகளை முதலில் கண்டது யார் என்று இருவருக்கும் மூண்ட சண்டை இருவருக்குமே பெருமை சேர்க்கவில்லை.

1617-இல் செய்த முயற்சி வேடிக்கையானது. கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று அறிய வியாழனின் நிலவுகள் உதவும். ஆனால் ஆடும் கப்பலில் குழாயை எங்கே பொருத்துவது? தலையில் அணியும் கவசத்தில் தொலைநோக்கியைப் பிணைத்துவிட்டார்! தலை திரும்பும் பக்கம் குழாயும் திரும்பும். லிவோர்னோ துறைமுகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நடைமுறைக்கு அது வரவில்லை. 1624-இல் சிற்றுயிர்களைப் பெரிதாக்கிக் காட்டும் நுண்ணோக்கி ஒன்றை இளவரசர் செசிக்கு அனுப்பினார். மேடுபள்ளமான பொருளைப் பார்க்கும்போது அருகே தள்ளியும் விலக்கியும் பார்க்க வேண்டியிருப்பதால், குழாய் தன் தாங்கியில் மேலும் கீழும் நகரும்படி அமைத்திருப்பதாக விளக்கினார்.

பிறகு வந்த துயரம் நாம் அறிந்ததே. 1616-இல் பூமி சுழல்கிறது என்ற கொள்கையை ஆதரிக்கக்கூடாது என்று எச்சரிக்கப்பட்டார். 1632-இல் வெளியான நூலுக்காக விசாரிக்கப்பட்டு, 1633 ஜூன் 22-ஆம் நாள் தம் கருத்தைக் கைவிடுவதாக முழந்தாளிட்டு வாசித்தார். எஞ்சிய நாள்களை ஆர்ச்செத்ரியில் வீட்டுக்காவலில் கழித்தார். அவரைத் தாங்கி நின்ற மகள், அருள்சகோதரி மரிய செலஸ்தே, அருகில் இருந்த புனித மத்தேயு கன்னியர் மடத்தில் 1634 ஏப்ரல் 2-ஆம் நாள் இறந்தார். 1992 அக்டோபர் 31-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அன்றைய இறையியலாளர்கள் தவறிழைத்ததை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். 359 ஆண்டுகள் ஆயின. 1611-இல் ஐந்து நாள்களில் நேர்மையான பதில் வந்த அதே நகரம் அது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

1637-இல் வலக்கண் பார்வை போனது. அதற்குமுன், நிலவு சற்றே அசைந்து தன் ஓரங்களைக் காட்டுவதைக் கண்டுபிடித்திருந்தார். அவ்வாண்டு முடிவதற்குள் இரண்டாவது கண்ணும் இருண்டது. பார்வையற்ற நிலையிலும் 1638-இல் ஹாலந்தின் லைடன் நகரில் அவருடைய இயக்கவியல் நூல் அச்சாகி வந்தது. இளைஞர் விவியானியும், கடைசி மாதங்களில் தொரிச்செல்லியும் உடனிருந்தார்கள். 1642 ஜனவரி 8-ஆம் நாள் உயிர் பிரிந்தது. நினைவுச் சின்னம் எழுப்ப அனுமதி கிடைக்காததால், புளோரன்ஸ் திருச்சிலுவைப் பேராலயத்தில் நவசந்நியாசிகள் சிற்றாலயத்தை ஒட்டிய ஒரு சிறு அறையில் அடக்கம் செய்யப்பட்டார். 1737-இல்தான் அவருடைய உடல் பேராலயத்துக்குள் மாற்றப்பட்டது.

புளோரன்சில் கலிலேயோ அருங்காட்சியகத்தில் அவருடைய இரண்டு தொலைநோக்கிகள் இருக்கின்றன. ஒன்று 1273 மில்லிமீட்டர் நீளமானது. இரண்டு அரைவட்ட மரப்பட்டைகளைச் சேர்த்துச் செப்புக் கம்பியால் கட்டி, மேலே தாள் ஒட்டியிருக்கிறார்கள். மற்றொன்று 927 மில்லிமீட்டர். மெல்லிய மரச்சட்டங்களை இணைத்து, தங்க வேலைப்பாடு செய்த செந்நிறத் தோல் போர்த்தியது. அந்தத் தோல் இப்போது பழுப்பேறிவிட்டது. வியாழனின் நிலவுகளைக் காட்டிய 38 மில்லிமீட்டர் வில்லை பின்னாளில் விரிசல் கண்டது. 1677-இல் தந்தத்தால் செதுக்கிய சட்டத்தில் பொதிந்து அதைப் பாதுகாத்து வைத்தார்கள். தோல் போர்த்திய குழாயில் கலிலேயோ வைத்த கண்ணருகு வில்லை எப்போதோ தொலைந்துவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் 22 மில்லிமீட்டர் அகலமுள்ள வேறொரு வில்லையை அந்த இடத்தில் பொருத்தினார்கள். அது இப்போதும் 20 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.